விதை தேடி அலைந்த வாவிலோவ்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், இன்றைய மாணவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி இருந்தால் நல்லது என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். விடுதிச் சாம்பாரையும் விளையாட்டு விழாவையும் பற்றி எழுத நம்மில் பலர் இருக்கிறார்கள். நான் தாவரவியல் வகுப்பில் ஒரே வரியில் வந்துபோன ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன். நிக்கோலாய் இவானோவிச் வாவிலோவ் என்ற ரஷ்யரின் பெயர் அது. பயிர்களின் தோற்ற மையங்கள் பற்றிச் சிறுகுறிப்பு வரைக என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். எட்டு மையங்களையும் மனப்பாடமாக எழுதிவிட்டு வெளியே வந்து டீ குடிப்போம். அந்த மையங்களைச் சொன்ன மனிதர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார் என்பது பாடத்தில் கிடையாது. பிறகு வேளாண்மைத் துறையில் விதையோடு விதையாக முப்பது வருஷம் காலம் தள்ளியபோதுதான் அவர் வரலாற்றைத் தேடித்தேடிப் படித்தேன். நாம் சாப்பிடும் சோறு, குடிக்கும் காபி, மேல்நாட்டார் அருந்தும் ஒயின் எல்லாவற்றிலும் அவருக்குச் சம்பந்தம் உண்டு.

வணிகர் வீட்டுப் பிள்ளை

வாவிலோவ் 1887 நவம்பர் 25 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அப்பா இவான் குடியானவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே மாஸ்கோவுக்கு வந்து, ஜவுளி வியாபாரத்தில் முன்னேறியவர். பிள்ளைகள் இருவருமே கடைப் பக்கம் போகவில்லை. தம்பி செர்கேய் இயற்பியல் படித்தார். அண்ணன் மாஸ்கோ வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த முதல் ஆராய்ச்சி, பயிரைத் தின்னும் நத்தைகளைப் பற்றியது.

1913-இல் இங்கிலாந்துக்குப் போய் வில்லியம் பேட்சன் என்ற அறிஞரிடம் படித்தார். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் கண்ட மரபு விதிகள் 1900-இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்து அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தன. அந்த விதிகளை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் பேட்சன் முதன்மையானவர். மறு ஆண்டே உலகப் போர் மூண்டுவிட்டதால் வாவிலோவ் நாடு திரும்ப வேண்டியதாயிற்று.

போதை ஏற்றிய ரொட்டி

1916-இல் ஒரு விசித்திரமான வேலை வந்தது. வட ஈரானில் முகாமிட்டிருந்த ரஷ்யப் படைவீரர்கள், ஒரு சொட்டுச் சாராயம் இல்லாமலே குடித்தவர்கள் மாதிரித் தள்ளாடினார்கள். காரணம் அவர்கள் தின்ற ரொட்டி. வாவிலோவ் போய் வயலைப் பார்த்தார், மாவைப் பார்த்தார். கோதுமையோடு ஒருவகைக் களைப்புல்லின் விதை கலந்து அரைபட்டிருந்தது. பூஞ்சையும் சேர்ந்திருந்தது. உள்ளூர்க் கோதுமையைப் படைக்கு வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் அவர் அதோடு திரும்பவில்லை. அங்கிருந்து பாமீர் மலைக்குப் போனார். வழிநெடுக வயல்களைக் கவனித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தாழ்வான இடங்களில் கோதுமை வயலுக்குள் ரை என்ற தானியம் களையாக முளைத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் வைத்திருந்த பெயரே கோதுமையைப் படுத்துவது என்ற பொருளில் இருந்தது. மலை ஏற ஏறக் குளிர் கூடுகிறது. கோதுமை நோஞ்சானாகிறது, ரை கொழிக்கிறது. இன்னும் மேலே போனால் வயல் முழுக்க ரைதான். விவசாயி விதைத்தது என்னவோ கோதுமை, குளிர் பார்த்து விளைய வைத்தது ரை! பிடுங்கிப் போட்ட களையே ஒரு கட்டத்தில் பயிராகிவிட்டது. ரஷ்யக் குடியானவன் தின்னும் கறுப்பு ரொட்டிக்கும், ரையிலிருந்து வடித்த வோட்காவுக்கும் மூலம் இப்படி ஒரு களை என்றால் பாருங்களேன்.

இதிலிருந்து அவர் பிடித்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். எந்தச் செடியையும் வேண்டாதது என்று தள்ளக் கூடாது. இன்று களை என்று வீசுவது நாளைக்கு ஒருவர் வயிற்றை நிரப்பலாம்.

சரத்தோவில் கைத்தட்டல்

1917-இல் வோல்கா நதிக்கரையில் உள்ள சரத்தோவ் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனார். புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்துகொண்டிருந்த காலம். அந்தக் குழப்பத்திலும் பாடம் நடந்தது, சோதனை வயலில் பயிர் வளர்ந்தது. 1920-இல் அதே ஊரில் நடந்த மாநாட்டில் தமது ஒத்த வரிசை விதியைச் சொன்னார்.

விதி எளிமையானதுதான். கோதுமையில் மீசையுள்ள கதிர் உண்டு, மீசையில்லாத கதிர் உண்டு. சிவப்பு மணி, வெள்ளை மணி உண்டு. அதற்கு உறவான ரையிலும் பார்லியிலும் இதே மாதிரி வேறுபாடுகள் வரிசையாகத் தென்படும். ஓரினத்தில் ஒன்று கிடைத்து மற்றதில் இன்னும் கிடைக்கவில்லையென்றால், அது எங்கோ இருக்கக்கூடும், தேடலாம் என்பது அவர் வாதம். தனிம அட்டவணையில் காலியாக இருந்த கட்டங்களை வைத்தே இன்ன தனிமம் வரும் என்று மெண்டலீவ் சொன்னார் அல்லவா? அவரோடு வாவிலோவை ஒப்பிட்டு மண்டபம் கைதட்டியது. சரத்தோவ் என்ற ஊர்ப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

ஐந்து கண்டங்கள்

1921-இல் பெத்ரோகிராடில் பயிர்த் தாவரவியல் துறைக்குத் தலைவரானார். அந்த நகரம்தான் பிறகு லெனின்கிராட் ஆகி, 1991 முதல் மறுபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. அவர் பதவியேற்ற சமயம் வோல்கா பகுதியில் கொடும் பஞ்சம், லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். விளைச்சலைப் பெருக்க நல்ல ரகம் வேண்டும்; நல்ல ரகத்துக்கு அடிப்படையான குணங்கள் உலகத்தின் எந்த மூலையில் எந்தக் குடியானவன் குதிரில் கிடக்கிறதோ, அங்கே போய் எடுத்து வர வேண்டும் என்று முடிவு கட்டினார்.

1924-இல் ஆப்கானிஸ்தானில் குதிரைகளோடு சுமார் 5,000 கிலோமீட்டர் சுற்றினார். 1926, 1927-இல் மத்தியதரைக் கடல் நாடுகளும் எத்தியோப்பியாவும். 1929-இல் மேற்குச் சீனா, ஜப்பான், கொரியா. அடுத்து மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும், 1932-இல் தென் அமெரிக்கா. எத்தியோப்பியாவில் ஓரிரவு கொள்ளைக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டபோது, கையிலிருந்த பிராந்திப் புட்டிகளை அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, அவர்கள் மயங்கித் தூங்கிய நேரத்தில் கூட்டத்தோடு நழுவியிருக்கிறார். ஆராய்ச்சிக்கு மதுவும் பயன்பட்ட கதை இது! காபியின் தாயகமான அந்நாட்டில் பார்லியிலும் கோதுமையிலும் அத்தனை வகைகளைப் பார்த்தார். கடுகைவிடச் சிறிய தெஃப் என்ற தானியத்தையும் அங்கேதான் கண்டார்.

அவர் விதை வாங்கிய இடங்கள் பெரும்பாலும் சந்தைகளும் களத்துமேடுகளும்தான். போன இடத்துப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு நேரே விவசாயியிடம் பேசுவார். இரவில் நாலைந்து மணி நேரத் தூக்கம், அவ்வளவே.

இப்படிச் சுற்றியதில் அவருக்குப் புலப்பட்ட உண்மை இது. ஒரு பயிரின் ரகங்கள் உலகமெங்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. சில மலைப்பகுதிகளில் மட்டும் ஏராளமாகக் குவிந்திருக்கின்றன. அங்கேதான் அந்தப் பயிர் முதலில் மனிதன் கைக்கு வந்திருக்க வேண்டும் என்றார். 1926-இல் வந்த அந்த ஆராய்ச்சிக்கு லெனின் பரிசு கிடைத்தது. பின்னாளில் மையங்களை எட்டாக வகுத்தார். நெல், கரும்பு, கத்தரி, மா ஆகியவற்றுக்கு இந்திய மையம் தாயகம் என்று குறித்தவர் அவரே. வகைகள் குவிந்த இடமெல்லாம் பிறந்த இடமாகிவிடாது என்று பிற்கால ஆய்வுகள் சில திருத்தங்கள் செய்தன. ஆனாலும் விதை தேடுகிறவன் எங்கே போகவேண்டும் என்பதற்கு அவர் போட்ட படம்தான் இன்னமும் தொடக்கம்.

திராட்சையும் ஆப்பிளும்

காகசஸ் மலைக் காடுகளில் காட்டுத் திராட்சைக் கொடி மரத்துக்கு மரம் தொற்றிப் படர்ந்திருக்கும். குடியானவர்கள் கோதுமை விதைக்கக் காட்டை வெட்டும்போது எல்லா மரத்தையும் சாய்ப்பதில்லை. நல்ல பழம் தரும் காட்டுப் பேரியையும் ஆப்பிளையும் விட்டுவைப்பார்கள். பிறகு அதிலிருந்து ஒட்டுக் கட்டுவார்கள். காடு எப்படித் தோப்பானது என்ற பல்லாயிரம் ஆண்டுச் சரித்திரத்தை ஒரே பள்ளத்தாக்கில் கண்ணால் பார்க்கலாம் என்று 1931-இல் எழுதினார். 1929-இல் இன்றைய கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் காடு காடாக ஆப்பிள் மரங்களைக் கண்டு, இதுதான் ஆப்பிளின் பிறந்த வீடு என்றார்.

கண்ணால் கண்டு சொன்னதைப் பிற்கால அறிவியல் பரிசோதித்துப் பார்த்தது. ஆப்பிள் விஷயத்தில் மரபணு ஆராய்ச்சி அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காகசஸ் நாடான ஜார்ஜியாவில் சுமார் 8,000 ஆண்டுப் பழமையான மண்பாண்டங்களில் திராட்சை மதுவின் தடயம் இருப்பதை 2017-இல் கண்டறிந்தார்கள். 3,500-க்கும் மேற்பட்ட திராட்சைக் கொடிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வு, மேற்கு ஆசியாவிலும் காகசஸிலுமாக இரண்டு இடங்களில் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் திராட்சை பயிருக்கு வந்தது என்கிறது.

இத்தனை விதை எதற்கு?

இந்தக் கேள்வியை அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். நல்ல ரகம் நாலு இருந்தால் போதாதா?

பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைக் கேளுங்கள். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி வேரைத் தாக்கி, தோட்டம் தோட்டமாக அழித்தது. ஒயின் தொழிலே படுத்துவிட்டது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? அதே அமெரிக்காவின் காட்டுத் திராட்சை வேர். அந்த வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டிப் பிழைத்தார்கள். நம்ம கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்பே இல்லாத நாணல் வகைக் காட்டுக் கரும்பைக் கரும்போடு சேர்த்து உண்டாக்கிய கோ 205 ரகம் வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது. 1970-களில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு குட்டை நோய் ஆசிய நெல் வயல்களை நாசம் செய்தபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில் தாங்கி நின்றது உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றுதான். அதிலிருந்துதான் 1976-இல் ஐ.ஆர். 36 வந்தது. அன்று அந்த ஒரு பொட்டலத்தை எவராவது குப்பை என்று வீசியிருந்தால்?

வாவிலோவ் இதைத்தான் முன்கூட்டியே கண்டார். 1940-க்குள் அவர் நிலையத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் சேர்ந்திருந்தன. உலகத்தில் அதுபோல வேறெங்கும் இல்லை.

பொய் அரியணை ஏறியது

இனி வருவது எழுதக் கை நடுங்குகிற பகுதி. 1931-இல் சோவியத் அரசு, பத்துப் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும் புதிய ரகங்களை நான்கைந்து ஆண்டில் தரவேண்டும் என்று ஆணையிட்டது. நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்கியதை ஒட்டி 1932, 1933-இல் மறுபடி பெரும் பஞ்சம். பஞ்சத்துக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான்.

அந்த நேரத்தில் முன்னுக்கு வந்தவர் த்ரோஃபிம் லைசென்கோ. விதையைக் குளிரில் வைத்தால் பயிரின் குணம் மாறும், மாறிய குணம் சந்ததிக்கும் போகும், மரபணு என்பதே கட்டுக்கதை என்பது அவர் கட்சி. குடியானவர் வீட்டுப் பிள்ளை. உடனே விளைச்சல் என்று வாக்குக் கொடுத்தார். ஸ்டாலினுக்குப் பிடித்துப்போனது. ஆரம்பத்தில் வாவிலோவே லைசென்கோவின் குளிர்ச் சோதனைகளைப் பாராட்டி ஆதரவு கொடுத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதிதாக எவர் எது செய்தாலும் தட்டிக்கொடுக்கும் சுபாவம். பிறகு உண்மை தெரிந்ததும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1939-இல் பகிரங்கமாகவே எதிர்த்து நின்றார். எடின்பரோவில் அந்த ஆண்டு நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தும் போக அனுமதி கிடைக்கவில்லை.

1940 ஆகஸ்ட் 6. மேற்கு உக்ரைனில் விதை சேகரிக்கப் போயிருந்த இடத்திலேயே கைது செய்யப்பட்டார். அன்று அவர் சேர்த்த மூட்டையில் ஓர் அபூர்வப் பழைய கோதுமை வகையின் கதிர்கள் இருந்ததைக் கூடப்போனவர்கள் பிறகு பார்த்தார்கள். உளவாளி, வேளாண்மையைக் கெடுத்த சதிகாரர் என்று குற்றச்சாட்டு. பதினோரு மாதம் இரவு பகலாக விசாரணை. 1941 ஜூலை 9 அன்று சில நிமிடங்களில் முடிந்த வழக்கில் மரண தண்டனை விதித்தார்கள். முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் கலந்து புதுச் செடி படைத்த கார்பெசென்கோவைப் படித்திருப்பீர்களே, வாவிலோவின் அந்தச் சகாவை அதே மாதம் சுட்டுக் கொன்றார்கள்.

மறுபடி சரத்தோவ்

ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதால் 1941 அக்டோபரில் கைதிகளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வாவிலோவைக் கொண்டுபோன ஊர் சரத்தோவ். கைத்தட்டல் வாங்கிய அதே ஊரில், ஜன்னல் இல்லாத நிலவறையில் அடைபட்டார். அங்கும் சும்மா இருக்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்குத் தாவரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். உலக வேளாண்மை வரலாறு பற்றிச் சிறையிலேயே ஒரு நூல் எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைக்காமலே போயிற்று.

மனைவி எலேனா பாருலினாவும் மைசூர்ப் பருப்புப் பயிரை ஆராய்ந்த விஞ்ஞானிதான். போர்க்காலத்தில் மகன் யூரியோடு சரத்தோவில் வந்து தங்கியிருந்தார். கணவர் மாஸ்கோச் சிறையில் இருப்பதாக எண்ணி, கிடைத்ததை மிச்சம் பிடித்து உணவுப் பொட்டலம் மாஸ்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவரோ அதே ஊரில் சில தெருக்கள் தள்ளிப் பட்டினியில் கிடந்தார்.

1942-இல் தண்டனையை இருபதாண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராக்கியது. இரண்டுமே அவருக்கு உதவவில்லை. 1943 ஜனவரி 26 அன்று, ஐம்பத்தைந்து வயதில், போதிய உணவில்லாமல் உடல் வற்றி இறந்தார். பொதுக் குழியில் புதைத்தார்கள். ஊர் ஊராகப் போய் உலகத்தின் சாப்பாட்டுக்கு விதை சேர்த்தவருக்கு ஒரு பிடி சோறு இல்லை.

விதை காத்தவர்கள்

அவர் சிறையில் இருந்தபோது லெனின்கிராட் நகரத்தை 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. பட்டினியால் மட்டும் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். விதை நிலையத்தில் அரிசி இருந்தது, கோதுமை இருந்தது, நிலக்கடலை இருந்தது. காவல் இருந்த விஞ்ஞானிகள் தொடவில்லை. நெல் நிபுணர் இவானோவ், ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களைச் சுற்றி வைத்துக்கொண்டு பசியால் இறந்தார். நிலக்கடலை ஆராய்ந்த ஷூக்கின் மேஜையிலேயே சாய்ந்தார். ஓட்ஸ் ஆராய்ந்த ரோதினா அம்மையாரும் அப்படியே. உருளைக்கிழங்கு மாதிரிகளை குண்டு விழும் வயலிலிருந்து தோண்டி எடுத்து வந்து, நிலவறையில் கணப்பு மூட்டி உறையாமல் காத்தார்கள். எலியையும் விரட்ட வேண்டியிருந்தது.

தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. உத்தரவு போடவும் ஆள் இல்லை. தின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் காத்தார்கள். வாவிலோவின் கண்டுபிடிப்புகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், இந்த மனிதர்களைத்தான் சொல்வேன்.

1955-இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. லைசென்கோவின் ஆதிக்கம் 1960-களின் நடுவில் சரிந்தது. தம்பி செர்கேய், அண்ணனைக் கொன்ற அதே அரசின் கீழ் 1945-இல் அறிவியல் கழகத் தலைவராகி, அந்தப் பாரத்தோடு 1951-இல் கண்மூடினார். நிலையத்துக்கு இன்று வாவிலோவ் பெயர்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெரிய பதவியில் உள்ளவர் சொல்வதாலேயே ஒரு கருத்து உண்மையாகிவிடாது; ஆய்வகத்திலும் வயலிலும் சோதித்துத்தான் ஏற்கவேண்டும். அடுத்தது, உங்கள் ஊரில் தாத்தா காலத்து நெல்லோ, கத்தரியோ, கேழ்வரகோ யார் வீட்டிலாவது இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஒரு பிடி வாங்கி, ரகத்தின் பெயர், ஊர், தேதி எழுதி, நம் தாவரவியல் துறையில் கொண்டுவந்து கொடுங்கள். காயவைத்துப் பத்திரப்படுத்தவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை விதைத்துப் புதுப்பிக்கவும் சொல்லித்தர, துறையினர் அனுமதித்தால் நானும் வரத் தயார்.